'பீடி' 'பாடி' ஆன கதை: பாங்காக் மாநாட்டுக்குப் பணம் கட்டப் போகிறவர்கள் ஒரு நிமிடம் நில்லுங்கள்

என் மேசை டிராயரில் ஒரு சான்றிதழ் கிடக்கிறது. தங்க நிற பார்டர், புடைப்பு முத்திரை, மூன்று பேர் கையெழுத்து. என் கட்டுரைத் தலைப்பில் 'பீடி' என்று வரவேண்டிய இடத்தில் 'பாடி' என்று அச்சாகியிருக்கிறது. தென்காசிப் பக்கம் பீடி சுற்றும் பெண்களின் கூலியைப் பற்றி நான் வாசித்த கட்டுரை, அந்தத் தாளில் 'பாடி சுற்றும் பெண்கள்' ஆகிவிட்டது. இந்த ஒரு தாளுக்கு நான் கொடுத்த விலை கிட்டத்தட்ட எண்பதாயிரம் ரூபாய்.

பாலினம், சமூகம், விமர்சனச் சமூகக் கோட்பாடு என்றெல்லாம் பெயர் வைத்து பாங்காக், துபாய், கோலாலம்பூர் என்று ஊர் ஊராக நடக்கும் 'சர்வதேச' மாநாடுகளுக்கு இந்த மாதம் மட்டும் எனக்கு ஒன்பது அழைப்புகள் வந்துவிட்டன. கூடப் படிக்கும் இரண்டு பேர் அதில் ஒன்றுக்குப் பணம் கட்டப் போவதாகச் சொன்னார்கள். அவர்கள் சொல்லாமல் இருந்திருந்தால் வெட்கத்தில் நானும் வாயை மூடிக்கொண்டே இருந்திருப்பேன்.

நான் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர், பகுதி நேரமாக பிஎச்.டி. செய்கிறேன். மே மாதம் சம்பளம் கிடையாது என்கிற ரகம். முனைவர் பட்ட ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு முன் இரண்டு கருத்தரங்கக் கட்டுரைகள் வாசித்திருக்க வேண்டும் என்று யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, 2016இல் விதி போட்டிருந்தது. 2022இல் வந்த புது விதிமுறையில் அந்தக் கட்டாயம் போய்விட்டது, ஆனால் 'வாசித்திருந்தால் நல்லதுதானே' என்கிற பேச்சு போகவில்லை. நிரந்தர வேலையில் இருப்பவர்களுக்கு வேறு கணக்கு. 2018 யுஜிசி விதிமுறையில் பதவி உயர்வுக்குப் பார்க்கும் மதிப்பெண் அட்டவணையில் வெளிநாட்டில் போய் வாசித்தால் 7, சர்வதேசக் கருத்தரங்கம் உள்நாட்டில் நடந்தால் 5, தேசிய அளவு என்றால் 3. ஏன் எல்லாரும் பாங்காக் போகிறார்கள் என்று இப்போது புரிகிறதா? மதுரையில் நடப்பதை விட பாங்காக்கில் ஒரு ஓட்டல் அறையில் நடப்பதற்கு மதிப்பெண் கூட. இந்தக் கடையை நடத்துகிறவர்களுக்கு இந்த அட்டவணை நம்மைவிட நன்றாகவே மனப்பாடம்.

மடல் வந்தது இப்படித்தான். 'மாண்புமிகு பேராசிரியர் அவர்களுக்கு' என்று ஆரம்பித்து, என்னுடைய 'உலகப் புகழ்பெற்ற பங்களிப்பை'ப் பாராட்டியிருந்தார்கள். என் பங்களிப்பு அன்றைய தேதிக்கு ஒரு கல்லூரி மலரில் வந்த நான்கு பக்கம். அப்போதே சிரித்துவிட்டு அழித்திருக்க வேண்டும். ஆனால் மாநாட்டுத் தலைப்பில் நான் படிக்கிற விஷயங்கள் எல்லாம் வரிசையாக இருந்தன: ஊதியமற்ற உழைப்பு, சாதியும் பாலினமும், விமர்சனக் கோட்பாடு. நம்மை யாரோ தேடி வந்திருக்கிறார்கள் என்று மனசு கொஞ்சம் குளிர்ந்துவிட்டது, அதை மறைக்க விரும்பவில்லை.

இரவு பதினொரு மணிக்கு 250 சொல்லில் கட்டுரைச் சுருக்கம் அனுப்பினேன். மறுநாள் காலை ஒன்பது இருபதுக்கு 'இரண்டு நிபுணர்கள் தனித்தனியாக மதிப்பிட்டு ஏற்றுக்கொண்டார்கள்' என்று பதில். ராத்திரி முழுக்க உட்கார்ந்து மதிப்பிட்டார்களாம்! 2016இல் நியூசிலாந்தில் கிறிஸ்டோஃப் பார்ட்நெக் என்கிற பேராசிரியர், ஐபோனில் தட்டத் தட்டத் தானாக வரும் சொற்களையே கோத்து ஓர் அணு இயற்பியல் மாநாட்டுக்குச் சுருக்கம் அனுப்பினார். ஒரு வரிக்குக்கூட அர்த்தம் கிடையாது. மூன்று மணி நேரத்தில் ஏற்றுக்கொண்டார்கள். அந்தக் கணக்கில் பார்த்தால் எனக்குப் பத்து மணி நேரம் எடுத்துக்கொண்டது மரியாதைதான். இது எனக்குத் தெரிய வந்தது எல்லாம் முடிந்த பிறகு.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பதிவுக் கட்டணம் 320 டாலர், வங்கிக் கட்டணம் சேர்த்து 27,400 ரூபாய். பணம் போனது மாநாட்டின் பெயரில் இருந்த கணக்குக்கு இல்லை, சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு கன்சல்டன்சியின் கணக்குக்கு. கேட்டதற்கு 'எங்கள் பேமென்ட் பார்ட்னர்' என்றார்கள். 'ஸ்கோபஸ் இதழில்', அதாவது ஸ்கோபஸ் என்கிற ஆய்விதழ்த் தரவுத்தளத்தின் பட்டியலில் இருக்கும் இதழில், வெளியிட இன்னொரு 150 டாலர். அவர்கள் சொன்ன ஓட்டலில்தான் தங்க வேண்டும் என்று இரண்டு இரவுக்குப் பதினோராயிரம். அப்புறம் விமான டிக்கெட், டாக்சி, சாப்பாடு. என் மூன்று மாதச் சம்பளத்துக்கு மேல். அம்மாவின் ஒரு வளையல் அடகுக்குப் போனது.

மாநாடு மூன்றாவது மாடியில், கல்யாணத்துக்கு முந்தின நாள் பெண்வீட்டார் தங்குகிற அளவு ஓர் அறையில் நடந்தது. வாசல் பலகையில் எங்கள் மாநாட்டுப் பெயருக்குக் கீழே இன்னும் மூன்று மாநாடுகளின் பெயர்: பல் மருத்துவம், கட்டடப் பொறியியல், உணவு அறிவியல். நான்கும் ஒரே அறையில், ஒரே நாளில், ஒரே மைக்கில். மொத்தம் இருபத்திரண்டு பேர். எண்ணினேன், வேறு வேலை இல்லை. அதில் பதினான்கு பேர் நம் ஊர்க்காரர்கள். பாங்காக் வரை போய் பக்கத்து மாவட்டத்துக்காரர்களிடம் அறிமுகம் ஆனதுதான் அந்தச் சர்வதேசம்.

எனக்கு முன்னால் பேசியவர் எம்-சாண்ட் கலந்த கான்கிரீட்டின் வலிமையைப் பற்றிப் பேசினார், எனக்குப் பின்னால் வந்தவர் பல் வேர் சிகிச்சை. இடையில் எட்டு நிமிடம் நான். கடைக்காரர் கட்டைப் பிரித்துப் பார்த்து 'சரியில்லை' என்று பீடியைக் கழித்துப்போடுவதையும், கழித்த பீடிக்குக் கூலி கிடையாது, ஆனால் பீடி மட்டும் அவரிடமே தங்கிவிடும் என்பதையும் சொல்லிக்கொண்டிருந்தேன். முன்வரிசையில் ஒருவர் போனில் சாப்பாட்டுக் கூப்பனைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். பேசி முடித்ததும் தலைமை வகித்தவர் 'எக்சலண்ட், எக்சலண்ட்' என்றார். கேள்வி? ஒன்றுகூட இல்லை. ஒரு கட்டு பீடிக்கு இருக்கிற பரிசோதனைகூட என் கட்டுரைக்கு நடக்கவில்லை என்று அந்த மேடையில் இருந்து இறங்கும்போதுதான் உறைத்தது.

அப்புறம் போட்டோ. எட்டு நிமிடம் பேச்சு, நாற்பது நிமிடம் போட்டோ. பொன்னாடை, பூங்கொத்து, கேடயம். அதே பூங்கொத்தைத்தான் ஒவ்வொருவரிடமும் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். இருபத்திரண்டு பேரில் ஏழு பேருக்குச் 'சிறந்த கட்டுரை' விருது. எனக்குக் கிடைக்கவில்லை, அதற்கும் கொஞ்சம் வருத்தப்பட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். பண்டத்தைப் போல கலையையும் பண்பாட்டையும் உற்பத்தி பண்ணி விற்கிறார்கள் என்று ஜெர்மன் தத்துவ அறிஞர்கள் அடோர்னோவும் ஹோர்க்ஹைமரும் 1940களிலேயே எழுதியதை மேற்கோள் காட்டத்தான் நான் அங்கே போயிருந்தேன்.

முதன்மை உரை தருவதாக இணையதளத்தில் பெரிய படம் போட்டிருந்த ஐரோப்பியப் பேராசிரியர் வரவில்லை. 'திடீர் உடல்நலக் குறைவு' என்றார்கள். ஊர் திரும்பியதும் அவருடைய பல்கலைக்கழக முகவரிக்கு நலம் விசாரித்து ஒரு மடல் போட்டேன். அப்படி ஒரு மாநாட்டைப் பற்றித் தனக்குத் தெரியவே தெரியாது, படத்தை எடுக்கச் சொல்லி இரண்டு முறை எழுதிவிட்டேன் என்று இரண்டு வரியில் பதில் வந்தது. இந்தத் தந்திரம் புதிது இல்லை. ஆய்விதழ்களும் மாநாடுகளும் நடத்தும் ஹைதராபாத்தைச் சேர்ந்த ஓமிக்ஸ் குழுமத்தின் மீது அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2016இல் போட்ட வழக்கில், சம்மதிக்காத அறிஞர்களின் பெயரை மாநாட்டு விளம்பரத்தில் போட்டதும் ஒரு குற்றச்சாட்டு. 2019 மார்ச்சில் 5 கோடி டாலருக்கு மேல் கட்டச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட்டது. என்னை ஏமாற்றியது அவர்கள் இல்லை, வேறு ஆட்கள். பெயரை இங்கே எழுதப் போவதில்லை, எழுதியும் பயன் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒரு பெயர் மாற்றுகிறார்கள்.

பணம் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எனக்கு இப்போதும் தூக்கம் வராமல் செய்வது கட்டுரை போனதுதான், இதைப் பற்றி யாருமே முன்னால் எச்சரிக்கவில்லை.

முழுக் கட்டுரையையும் அனுப்பியிருந்தேன் அல்லவா? மூன்று வாரத்தில் 'வெளியாகிவிட்டது' என்று இணைப்பு வந்தது. ஸ்கோபஸின் பட்டியலை யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். பார்த்தேன். இதழின் பெயர் இருந்தது, இதழின் அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என்னும் பொருந்தியது, ஆனால் உண்மையான இதழின் இணையதளம் வேறு. ஒரு நிஜ இதழின் பெயரையும் எண்ணையும் திருடிப் போலித் தளம் ஒன்றைக் கட்டியிருக்கிறார்கள். அந்தப் போலித் தளத்தில் என் கட்டுரை, கால்சியம் பற்றிய கட்டுரைக்கும் நாற்கர சாலை பற்றிய கட்டுரைக்கும் நடுவில் கிடக்கிறது. நெறியாளர் பார்த்துவிட்டு, 'இதைக் கணக்கில் காட்ட முடியாதும்மா, வேறு நல்ல இதழுக்கு அனுப்பு' என்றார். அனுப்பினேன். அங்கே ஒப்புமைச் சோதனையில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் ஒத்துப்போகிறது, ஏற்கெனவே வெளியானதை ஏற்பதில்லை என்று திருப்பிவிட்டார்கள். அவர்கள் சொல்வது நியாயம்தான்.

இரண்டு வருடம் ஞாயிற்றுக்கிழமைதோறும் பஸ் ஏறிப் போய், சுளவை மடியில் வைத்துக்கொண்டு கை நிற்காமல் சுற்றிக்கொண்டே பேசிய அக்காமாரிடம் கேட்டு எழுதியது. 'நாங்க சொன்னதையெல்லாம் வெளிநாட்டுல போய்ச் சொல்லுவியாம்மா?' என்று ஒரு பாட்டி கேட்டார்கள். சொல்லுவேன் பாட்டி என்றேன்.

பணத்தைத் திரும்பக் கேட்டதற்கு 'நோ ரீஃபண்ட்' என்று ஒரே வரி. கார்டு வங்கியில் புகார் கொடுத்தேன். மாநாடு நடந்திருக்கிறது, நீங்கள் கலந்துகொண்ட போட்டோவும் இருக்கிறது, அதனால் சேவை தரப்பட்டதாகத்தான் எடுத்துக்கொள்வோம் என்றார்கள். அந்த நாற்பது நிமிடப் போட்டோ எதற்கு என்று அப்போது விளங்கியது. போகாமலே ஏமாந்திருந்தால், அதாவது பணம் கட்டி மாநாடே நடக்காமல் போயிருந்தால், உடனே 1930க்கு அழைத்து சைபர் குற்றப் பிரிவில் பதிவு செய்யுங்கள், தாமதித்தால் பணம் கை மாறிவிடும். சேவைக் குறைபாடு என்றால் நுகர்வோர் உதவி எண் 1915. நான் அதில் பதிந்திருக்கிறேன், எதிர்த் தரப்புக்கு இந்தியாவில் முகவரியே இல்லை என்பதால் அப்படியே நிற்கிறது.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? நான் இப்போது முதலில் பார்ப்பது போன வருட நிகழ்ச்சி நிரலை. யார், எந்த அமர்வில், என்ன தலைப்பில் பேசினார்கள் என்று பெயரோடு இருக்கிறதா, இல்லை வெறும் குரூப் போட்டோவா? அதே அமைப்பாளர் அதே தேதியில் பாரிசிலும் சிங்கப்பூரிலும் இன்னும் நாற்பது மாநாடு நடத்துகிறாரா? முதன்மை உரையாளருக்கு நேரடியாக ஒரு மடல் போட்டுக் கேளுங்கள், பெரிய ஆளாக இருந்தாலும் பதில் போடுவார்கள், எனக்குப் போட்டார். ஓட்டலுக்கு போன் பண்ணி அந்தத் தேதியில் எந்த அளவு அறை, எத்தனை பேருக்கு என்று கேட்கலாம். 'திங்க் செக் அட்டெண்ட்' என்று இதற்கென்றே ஒரு தளம் இருக்கிறது, கேட்க வேண்டிய கேள்விகளை அதில் போட்டிருக்கிறார்கள். ஜெஃப்ரி பீல் என்கிற அமெரிக்க நூலகர் வைத்திருந்த போலிப் பதிப்பாளர் பட்டியலைப் பலர் இன்னும் தேடுகிறார்கள், அதை அவர் 2017 ஜனவரியிலேயே எடுத்துவிட்டார். நம்பகமான ஆய்விதழ்கள் என்று யுஜிசி வைத்திருந்த கேர் பட்டியலும் 2025 பிப்ரவரியோடு நிறுத்தப்பட்டுவிட்டது. ஆக, இதழை இனி நாமும் நம் கல்லூரியும்தான் சரிபார்த்தாக வேண்டும்.

நிஜ மாநாடுகள் இல்லாமல் இல்லை. இந்தியப் பெண்ணியல் ஆய்வுச் சங்கம் 1982இல் இருந்து இருக்கிறது. மெரினாவில் ஜல்லிக்கட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த 2017 ஜனவரியில் அவர்கள் தேசிய மாநாட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் வைத்தார்கள். நான் பார்வையாளராகத்தான் போனேன், ஒரு பெண் பேசி முடித்ததும் பின்வரிசையில் இருந்து வந்த கேள்விகளைக் கேட்டு எனக்கே வயிற்றைக் கலக்கியது. சர்வதேசச் சமூகவியல் சங்கத்தில் பெண்கள், பாலினம், சமூகம் என்று தனி ஆய்வுக்குழுவே உண்டு, கட்டணத்தையும் நாடுகளை ஏ, பி, சி என்று வருமானப்படி பிரித்துத்தான் வாங்குகிறார்கள். அங்கெல்லாம் மாநாட்டுக்குப் பல மாதம் முன்பே சுருக்கம் கேட்பார்கள், பதிலுக்குக் காத்திருக்க வேண்டும், பல நேரம் 'இல்லை' என்றும் வரும். 'மாண்புமிகு' என்று யாரும் கூப்பிட மாட்டார்கள்.

என் கட்டுரையைத் தளத்திலிருந்து எடுத்துவிடுங்கள் என்று நான்கு முறை எழுதிவிட்டேன். எடுத்துவிட்டால் திருத்தி எழுதி, முன்கதையைச் சொல்லி, வேறு இதழில் கேட்டுப் பார்க்கலாம் என்று நெறியாளர் சொல்கிறார். எடுப்பதற்கு 150 டாலர் 'திரும்பப் பெறும் கட்டணம்' என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். இன்று காலை வந்த மடலில் அதை 90 ஆகக் குறைத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் இந்தச் சலுகையாம்.