ஸ்டூடியோ கம்ப்யூட்டருக்கு என்என்என்: வேகம் சரி, டெலீட் பட்டனில் கவனம்

முகூர்த்தம் முடிந்த மறுநாள் தருமபுரி, பாலக்கோடு பக்கத்து ஸ்டூடியோக்களில் பழைய உபுண்டு மெஷின்கள் படும் பாடு தெரிந்ததுதான். நாலாயிரம் படம் இருக்கிற கார்டைச் செருகினால் தம்ப்நெயில் வரைந்து முடிப்பதற்குள் டீ ஆறிவிடும். டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் ஜன்னலில்) ஓடும் இலவச ஃபைல் மேனேஜரான என்என்என் (nnn) படமே வரையாது, பெயரை மட்டும் காட்டும். சி மொழியில் எழுதியது. சாதாரணமாக 3.5 எம்பி ராமுக்குள் அடங்கிவிடும். உபுண்டு, டெபியனில் மென்பொருள் நிறுவும் ‘ஆப்ட்’ கட்டளை மூலமே கிடைக்கிறது.

ஜே கீழே, கே மேலே, எல் உள்ளே, எச் வெளியே. கன்ட்ரோல்-என் தட்டிவிட்டு பென்னாகரம் என்ற ஃபோல்டர் பெயரின் ஆங்கில எழுத்துகளை அடிக்க ஆரம்பித்தால் பட்டியல் சுருங்கிக்கொண்டே வரும், ஒரே ஃபோல்டர் மிஞ்சினால் தானாக உள்ளே நுழைந்துவிடும். கீபோர்டு தமிழ்99 என்ற தமிழ் விசைமுறையில் இருந்தால் ஜே விசை ‘ப’ ஆகிவிடும், கர்சர் அசையாது. மென்பொருளைத் திட்டுவதற்கு முன் அதைப் பாருங்கள். ஃபைல் பெயர்களும் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். தமிழ்ப் பெயர் வந்தால் பல டெர்மினல்களில் எழுத்து பிரிந்து, வரிசை கோணலாகிவிடும்.

1 முதல் 4 வரை எண்களைத் தட்டினால் நாலு தனித்தனி இடங்கள். 1-இல் கார்டு, 2-இல் ஹார்டு டிஸ்க் என்று வைத்துக்கொள்ளலாம். ஸ்பேஸ் ஒவ்வொன்றாகத் தேர்வு செய்யும், சின்ன ஏ மொத்தத்தையும். பிறகு 2 தட்டி, பி (p) அடித்தால் காப்பி. வி அடித்தால் மூவ். எத்தனை சதவீதம் முடிந்தது என்று காட்டாது. 64 ஜிபி கார்டுக்கு இது எரிச்சல்தான்.

இரண்டு கேமரா வைத்து எடுத்த கல்யாணத்தில் ஒரே பெயரில் இரண்டு படம் இருக்கும். நிக்கானில் ‘டிஎஸ்சி_0001’ இரண்டு கார்டிலும் வரும். காப்பி செய்யும்போது மேலெழுதவா என்று கேட்கும். அவசரத்தில் ‘ஒய்’ அடித்தால் முதல் கேமராவின் படம் போயிற்று. அதனால் இரண்டாவது கார்டை வேறு ஃபோல்டரில் இறக்கி, சின்ன ஆர் அடியுங்கள். பெயர்கள் எல்லாம் எடிட்டரில் வரிவரியாகத் திறக்கும். நானோ என்ற எளிய எடிட்டரில் கன்ட்ரோல்-பேக்ஸ்லாஷ் தட்டி ‘டிஎஸ்சி_’ என்பதை ‘கேம்2_’ ஆக்கிச் சேமித்தால் மொத்தமும் மாறிவிடும். ஒரு வரியைக்கூட அழிக்கவோ சேர்க்கவோ கூடாது. எண்ணிக்கை பொருந்தாவிட்டால் மறுத்துவிடும். எடிட்டர் (EDITOR) என்ற சிஸ்டம் அமைப்பு மாறியில் நானோவை முன்பே குறிக்காவிட்டால் விஐ என்ற வேறு எடிட்டர் திறந்து, வெளியே வரத் தெரியாமல் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அடுத்தது எக்ஸ், அதாவது அழிப்பது. உறுதி கேட்டுவிட்டு நிரந்தரமாக அழித்துவிடும், குப்பைத்தொட்டி கிடையாது. ‘ட்ராஷ்-சிஎல்ஐ’ நிறுவி, என்என்என்_ட்ராஷ் (NNN_TRASH) மாறியில் 1 என்று குறித்தால்தான் தொட்டிக்குப் போகும். இதைவிட ஆபத்து ஒன்று: வேறு ஃபோல்டரில் தேர்வு செய்தது ஃபோல்டர் மாறினாலும் நினைவில் நிற்கும். எக்ஸ் அடித்ததும் ‘இப்போதுள்ளதா, தேர்வு செய்ததா’ என்ற பொருளில் சி, எஸ் கேட்கும். படிக்காமல் எஸ் அடிப்பது மற்றொரு வீட்டுக் கல்யாணத்தை அழிப்பது.

தொட்டியிலும் ஒரு பொறி. கார்டில் இருந்து அழித்தவை கார்டிலேயே மறைவான ட்ராஷ் ஃபோல்டரில் கிடக்கும். இடம் காலியாகாது, புள்ளி விசையைத் தட்டினால் தெரியும். கார்டைக் காலி செய்ய கேமராவிலேயே ஃபார்மேட் போடுவது உத்தமம்.

டி (t) தட்டி, அடுத்து இன்னொரு டி (d) தட்டினால் ஒவ்வொரு ஃபோல்டரும் எத்தனை ஜிபி என்று காட்டும். ஹார்டு டிஸ்க் நிரம்பிய நாளில் இதற்கே நிறுவலாம்.

ஆல்பத்துக்குப் படம் பொறுக்க இது ஆகாது. ப்ரீவியூ பிளகின் உண்டு, ஆனால் டீமக்ஸ், கிட்டி மாதிரி டெர்மினல் ஏற்பாடுகள் கேட்கும். அதற்குப் பழைய படம் பார்க்கும் ஆப்பே போதும். என்டர் அடித்தால் அதில்தான் திறக்கிறது.