புழுவெட்டுக்கு ஊசியா, புதுக் களிம்பா?

போன சித்திரையில் முடிவெட்டப் போனபோது சலூன்காரர்தான் முதலில் பார்த்தார். "அண்ணே, காதுக்குப் பின்னாடி புழுவெட்டு மாதிரி இருக்கே." தொட்டுப் பார்த்தால் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வழவழவென்று இருந்தது. புழு எதுவும் வெட்டுவதில்லை. நம் நோய் எதிர்ப்பு அணுக்களே முடிவேரைத் தாக்குகின்றன. வேர் சாகாததால் முடி மறுபடி முளைக்க வாய்ப்புண்டு. சின்னத் திட்டு தானாகச் சரியாவதும் உண்டு. எனக்கு இரண்டாவது திட்டும் வந்துவிட்டதால் நான் காத்திருக்கவில்லை.

டாக்டர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, திட்டிலேயே போடும் டிரையாம்சினலோன் ஸ்டீராய்டு ஊசி. இன்னொன்று, புதிதாக வந்திருக்கும் டோஃபாசிட்டினிப் 2% களிம்பு. ஊசி வலிக்கும், களிம்பு வலிக்காது. அது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

முதலில் களிம்பைத்தான் எடுத்தேன். காலை, இரவு என்று தினம் இரண்டு வேளை, மாதக்கணக்கில் தடவ வேண்டும். வேளச்சேரியிலிருந்து அம்பத்தூருக்கு பைக்கில் போகிறவனுக்கு இதுதான் பெரிய சிக்கல். காலையில் தடவியது கிண்டி தாண்டுவதற்குள் வியர்வையோடு கரைந்து ஹெல்மெட் பஞ்சில் ஒட்டியிருக்கும். போதாததற்கு முடிவேர் தோலுக்குக் கீழே சில மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. மேலே பூசுகிற மருந்து அவ்வளவு தூரம் இறங்க வேண்டும். நான் இரண்டே மாதம்தான் தடவினேன், அதிலும் பாதி நாள் ஒரு வேளைதான். அதனால் களிம்பே வீண் என்று சொல்ல மாட்டேன்.

ஊசி அந்த ஆழத்துக்கே மருந்தைக் கொண்டுபோகிறது. ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் துளித்துளியாகக் குத்துவார்கள், ஐந்து நிமிட வேலை. அப்புறம் நாலு முதல் ஆறு வாரத்துக்கு அதை மறந்துவிடலாம். மூன்றாவது முறைக்குப் போகும் முன்பே திட்டின் நடுவில் பூனைமுடி போல வெள்ளையாக முளைத்தது. அது பிறகு கறுத்தது. குத்திய ஓர் இடத்தில் தோல் லேசாகக் குழிந்தது உண்மை. டாக்டர் அந்த இடத்தை விட்டுவிட்டுத் தொடர்ந்தார், குழியும் மெல்ல மேடேறியது.

ஊசிக்குப் பயப்படும் குழந்தை என்றால் களிம்பைப் பற்றிக் கேளுங்கள். தலை முழுக்கப் பரவியிருந்தால் இரண்டுமே போதாது. அமெரிக்காவில் கடுமையான புழுவெட்டுக்கு 2022இல் ஒப்புதல் பெற்ற பாரிசிட்டினிப் போன்ற மாத்திரைகளைப் பற்றி டாக்டரிடம் பேச வேண்டும். ஒன்றிரண்டு திட்டோடு நிற்கிறதா, தினமும் ஹெல்மெட் போடுகிறீர்களா? ஊசியே போட்டுக்கொள்ளுங்கள்.