எஸ்டீம் பானட்டுக்குள்ள ஒயர் ஒளிக்கிற வேலை, மார்த்தாண்டம் கடை ரிவ்யூ

பழைய மாருதி எஸ்டீம் கார் வச்சிருக்கவங்களுக்கு தெரியும், 1298 சிசி சின்ன இன்ஜின்தான், ஆனா பானட்ட தொறந்தா மொதல்ல கண்ணுல படுறது ஒயர்தான். என் வண்டில போதாக்கொறைக்கு முன்னாடி வச்சிருந்தவங்க ஹார்ன், ஃபாக் லேம்ப்புன்னு ஆளாளுக்கு ஒரு ஒயர இழுத்து விட்டு கருப்பு டேப்ப சுத்தி வச்சிருந்தாங்க. அத எல்லாம் மறைச்சு இன்ஜின் மட்டும் பளிச்சுன்னு தெரியணும்னு ரொம்ப நாள் ஆசை. மார்த்தாண்டத்துல மேம்பாலத்துக்கு கொஞ்சம் உள்ள தள்ளி ஒரு ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை, போர்டு கூட கெடையாது, ஆசான்னுதான் எல்லாரும் கூப்பிடுவாங்க, அவருகிட்ட குடுத்தேன். வேலை அருமை. ஏன் அருமைன்னா, நான் ஒளிக்கச் சொன்ன எல்லாத்தையும் அவர் ஒளிக்கல.

பேட்டரிய டிக்கிக்கு மாத்தி பியூஸ் பாக்ஸ கேபினுக்குள்ள கொண்டு போயிரலாமான்னு கேட்டேன், ஷோ கார் படங்கள்ல எல்லாம் அப்படித்தான இருக்கு. "வேண்டாம் மக்ளே, பேட்டரில இருந்து மெயின் பியூஸ் வரைக்கும் உள்ள தடி ஒயருக்கு காவலே கெடையாது, அது நீள நீள வெனைதான்"ன்னாரு. அந்த ஒயர் எங்கயாவது தகரத்துல ஒரசி தோல் உரிஞ்சா பியூஸ் போகாது, நேரா தீதான். அதனால ரெண்டும் இருந்த எடத்துலயே இருக்கு. ஹெட்லைட், ஹார்ன், ஃபேன் ஒயரெல்லாம் முன்சக்கரத்துக்கு மேல உள்ள தகரம், அதாவது ஃபெண்டருக்கு உள்பக்கமா இறக்கி ரேடியேட்டர் மேல உள்ள பட்டைக்கு பின்னாடி கொண்டு போயிருக்காரு, சென்சார் ஒயரெல்லாம் இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவுல உள்ள தடுப்பு தகரம், அந்த ஃபயர்வால ஒட்டி ஒரே கட்டா போகுது, தகரத்துல ஓட்டை வர்ற எடத்துல எல்லாம் ரப்பர் வாஷர் போட்டிருக்காரு.

ஃபெண்டருக்குள்ள ஒயர் விடுறது நம்ம ஊருக்கு சரிவருமான்னு எனக்கு பயம் இருந்துச்சு. தென்மேற்கு வடகிழக்குன்னு ரெண்டு மழையும் பெய்யுற மாவட்டம், நான் இருக்கது குளச்சல் பக்கம், உப்புக்காத்துல ஒயரும் ஒயரும் சேர்ற கப்ளர் பின்னெல்லாம் பச்சை புடிச்சு போயிருந்துச்சு. அவர் ஃபெண்டருக்குள்ள ஒரு ஜாயிண்ட் கூட வைக்கல, தேவைப்பட்ட எடத்துல முழு ஒயரே புதுசா போட்டாரு. கப்ளர் எல்லாம் மேல, கை எட்டுற எடத்துல. கப்ளருக்கு முன்னாடி ஒயர கொஞ்சம் கீழ தொங்க விட்டு மேல ஏத்திருக்காரு, தண்ணி ஒயர் வழியா வந்தாலும் அங்கேயே சொட்டிரும், கப்ளருக்குள்ள போகாது.

எனக்கு ரொம்ப புடிச்சது எர்த், அதாவது கரண்ட் பாடி வழியா பேட்டரி மைனஸுக்கு திரும்புற வழி, அத பாத்த விதம். ஹெட்லைட்ட ஆன் பண்ணிட்டு மீட்டர் ஒரு முனைய பேட்டரி மைனஸ்ல வச்சு இன்னொண்ண லைட்டோட எர்த்துல வச்சாரு, 0.6 வோல்ட் காமிச்சுது. சும்மா அரை வோல்ட்டுதானேன்னு நெனைக்கலாம், ஆனா அவ்வளவும் லைட்டுக்கு போகாம வழியில வீணாகுது. ஃபெண்டர்ல போல்ட் உக்கார்ற எடத்துல பெயிண்ட தகரம் தெரியுற வரைக்கும் சொரண்டி, பல்லு வாஷர் போட்டு, ஒயர் முனையில புது லக் (போல்ட்ல மாட்டுற வளையம்) பிரஸ் பண்ணி முறுக்கி, மேல கிரீஸ் தடவிட்டு திரும்ப பாத்தாரு, 0.1க்கு கீழ வந்துச்சு. லைட் வெளிச்சம் கண்ணுக்கே வித்தியாசம் தெரியுது.

பழைய கருப்பு பிவிசி டேப் முழுக்க உரிச்சாச்சு, சூட்டுல அந்த பசை உருகி கையில ஒட்டுச்சு, அத மண்ணெண்ணெய் போட்டு தொடைச்சுட்டு அப்புறம்தான் துணி டேப் சுத்துனாரு. இன்ஜின் மவுண்ட்ல ஆடும்ல, அதனால இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவுல போற ஒயர இழுத்து கட்டாம லூஸ் விட்டிருக்காரு. பிளக் ஒயரையும் சென்சார் ஒயரையும் ஒண்ணா சேத்து கட்டல, ரெண்டும் தள்ளித்தான் போகுது, சேத்து கட்டுனா சிக்னல்ல தொந்தரவு வந்து மிஸ்ஸிங் அடிக்க வாய்ப்பிருக்கு. புகை போற குழாய்ல உள்ள ஆக்சிஜன் சென்சார் ஒயர வெட்டவே மாட்டேன்னுட்டாரு, பல சென்சார் வெளிக்காத்த அந்த ஒயர் வழியாத்தான் இழுக்குமாம், ஈயம் வச்சு பத்துனா அடைச்சிரும். அது ஒண்ணு மட்டும் வெளிய தெரியுது, தெரிஞ்சிட்டு போகட்டும்.

கொறைன்னா, சொன்ன நாளுக்கு வண்டி கெடைக்கல, போன் பண்ணா எடுக்கவே மாட்டாங்க, இது ஆபீஸ் போறவங்களுக்கு பெரிய கஷ்டம். ஹார்னுக்கு கரண்ட் விடுற சுவிட்ச், அந்த ரிலேய மட்டும் இடது ஃபெண்டருக்குள்ள வச்சுட்டாரு, மாத்தணும்னா உள்ள இருக்க பிளாஸ்டிக் லைனர கழட்டணும், அது எனக்கு புடிக்கல, அடுத்த தடவ போகும்போது மேல கொண்டு வரச் சொல்லணும். ஆனா எந்த ஒயர் எந்த வழியா போகுது, என்ன கலர்னு ஒரு பேப்பர்ல வரைஞ்சு குடுத்திருக்காரு, அத டேஷ்போர்டுல வச்சிருக்கேன், நாளைக்கு வேற எந்த எலக்ட்ரீஷியன் கை வச்சாலும் தேட வேண்டியதில்ல. நான் கேக்காமலே குடுத்தது இது.

கூலியும் சாமானும் சேத்து 18,000 ரூபா ஆச்சு. இத விட கம்மியா செய்ற எடம் இருக்கு, ஆனா அங்க டேப்புக்குள்ள என்ன இருக்குன்னு யாரு பாக்க. வாரண்டி உள்ள புது வண்டிய இந்த வேலைக்கு குடுக்காதீங்க, ஒயர வெட்டுனா வாரண்டிக்கு சிக்கல் வரும், ஏர்பேக் மஞ்சள் ஒயர் பக்கம் அவரும் போக மாட்டாரு. ஜூன் மழைக்கு முன்னாடி குடுத்தா நல்லது, நேர்ல போய் நாள் வாங்கிக்கோங்க, ஞாயித்துக்கெழம கடை லீவு.