திருவனந்தபுரம் – சார்ஜா விமானம்: பணிப்பெண்களுக்கு நாலு ஸ்டார், கம்பெனிக்கு ஒன்று

மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கத்துக்காரர்களுக்கு ஏர்போர்ட் என்றால் திருவனந்தபுரம்தான். மதுரையும் தூத்துக்குடியும் நம் மாநிலத்தில் இருக்கின்றன, சரி, ஆனால் காரோட்டில் பைபாஸ் ஏறினால் கோவளம், திருவல்லம் தாண்டி சாக்கை வந்துவிடும், அங்கேயே சர்வதேச டெர்மினல். எங்கள் பக்கம் வளைகுடாவில் ஆள் இல்லாத வீடு குறைவு. ஆகவே விமானத்தைப் பற்றிப் பேசுவது எங்களுக்குப் பணக்காரப் பேச்சு இல்லை, பஸ்ஸைப் பற்றிப் பேசுவது மாதிரிதான். சார்ஜாவில் இருக்கும் அக்காவைப் பார்க்கப் போன பயணத்தைப் பற்றித்தான் இந்த விமர்சனம். கம்பெனியின் பெயரைச் சொல்லவில்லை. சொல்லாவிட்டாலும் குறையொன்றுமில்லை, இதே கதை இப்போது எல்லாக் கம்பெனியிலும் நடக்கிறது.

டிக்கெட் விலையைப் பார்த்தால் மலிவு மாதிரித் தெரியும். பணம் கட்டப் போகும்போதுதான் சீட் தேர்வு செய்யத் தனிக் காசு, சாப்பாட்டுக்குத் தனி, முன்னால் ஏறுவதற்குத் தனி என்று ஒவ்வொன்றாக வரும். போதாததற்கு ஏர்போர்ட்டைப் பயன்படுத்துவதற்கான யூசர் ஃபீ வேறு. 2024 ஜூலையில் திருவனந்தபுரத்தில் அதை நன்றாகவே ஏற்றினார்கள். இதையெல்லாம் நான் பெரிய குற்றமாகச் சொல்லமாட்டேன். காசு கொடுத்தால் கிடைக்கிறது, வேண்டாதவர் விட்டுவிடலாம். காசு கொடுத்தும் கிடைக்காத ஒன்று இருக்கிறது. அது ஆள்.

செக்-இன் கவுண்டர்கள் வரிசையாக இருக்கின்றன, மேலே டிஸ்ப்ளே பளபளவென்று ஓடுகிறது, உட்கார்ந்திருப்பது இரண்டே பேர். மற்றவர்களை மெஷினில் போய் போர்டிங் பாஸ் எடுக்கச் சொல்கிறார்கள். மெஷின் பாதிப் பேருக்கு 'கவுண்டரை அணுகவும்' என்று திருப்பி அனுப்புகிறது. (கவுண்டரில் போர்டிங் பாஸ் கொடுப்பதற்குத் தனியாகக் காசு வாங்கக் கூடாது என்று விமானப் போக்குவரத்து அமைச்சகம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.) எனக்கு முன்னால் கொல்லங்கோட்டிலிருந்து வந்த ஓர் அம்மா, முதல் தடவை பேரனைப் பார்க்கப் போகிறார், கையில் ஒரு துணிப்பை. தராசில் வைத்தால் ஏழு கிலோவைத் தாண்டுகிறது. "அம்மா, ரெண்டு கிலோ கூடுதலாணு, ஞான் எந்து செய்யான்" என்கிறாள் கவுண்டரில் இருந்த பெண். அந்த அம்மா பையைத் திறந்து ஒரு டப்பாவை எடுத்துக் காட்டுகிறார். "மோளே, இது முந்திரிக்கொத்தாக்கும். பிள்ளைக்குப் பிடிக்கும்." இன்னொரு பொட்டலத்தில் நேந்திரங்காய் சிப்ஸ், அதற்கடியில் கருவாடு. கருவாட்டின் வாசம் அந்தப் பெண்ணுக்கும் எட்டியிருக்கும், ஆனால் அவள் முகத்தைச் சுளிக்கவில்லை. பின்னால் எழுபது பேர் நிற்கும் வரிசையைப் பார்த்தாள், டப்பாவைப் பார்த்தாள், டேக் ஒட்டி அனுப்பிவிட்டாள்.

அவள் அந்த விமானக் கம்பெனி ஆளே இல்லை என்பது கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்தபோது தெரிந்தது. தரைப்பணிகளைக் குத்தகைக்கு எடுத்த வேறொரு ஏஜென்சியின் ஒப்பந்த ஊழியர். பயணி திட்டுவது கம்பெனியை, வாங்கிக்கொள்வது இவள். அப்புறம் இதே பெண்ணைத்தான் போர்டிங் கேட்டிலும் பார்த்தேன். செக்-இன் முடித்த கையோடு ஓடி வந்து கேட்டில் நிற்கிறாள்!

கேட்டில் நாங்கள் உட்கார்ந்திருந்தது நாலு மணி நேரத்துக்கு மேல். 'ஆபரேஷனல் காரணங்களால் தாமதம்' என்று ஒரு மெசேஜ். அந்த வார்த்தைக்குள் எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். நம் நாட்டு நிறுவனங்களுக்கு விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏ வைத்திருக்கும் விதிப்படி, இரண்டரை மணியிலிருந்து ஐந்து மணி நேரம் வரை ஓடும் விமானம் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் பயணிக்குச் சாப்பாடும் குடிக்க ஏதாவதும் கொடுக்கவேண்டும். அவர்களாகக் கொடுக்கவில்லை. நாங்கள் நாலைந்து பேர் போய்க் கேட்ட பிறகு ஒரு சாண்ட்விச்சும் சின்னத் தண்ணீர் பாட்டிலும் வந்தன. கேட்காதவர்கள் கைக்காசு போட்டு டீ வாங்கிக் குடித்தார்கள், ஏர்போர்ட் டீ விலை உங்களுக்குத் தெரியும்.

ஒருவழியாக ஏறினோம். 180 சொச்சம் சீட், நாலு பணிப்பெண்கள். ஐம்பது சீட்டுக்கு ஒருவர் என்பது சட்டம் சொல்லும் குறைந்தபட்சம். மலிவுக் கம்பெனிகள் அந்தக் குறைந்தபட்சத்தையே நிரந்தரமாக வைத்துக்கொள்கின்றன. அந்த நாலு பேரும் தண்ணீர் கொடுக்கவேண்டும், சாப்பாடு விற்கவேண்டும், கார்டு மெஷினில் பணம் வாங்கவேண்டும், குப்பை எடுக்கவேண்டும், நடுவில் ஒரு குழந்தை வாந்தி எடுத்தால் அதையும் பார்க்கவேண்டும். அத்தனையும் செய்தார்கள். பின்பக்கம் தண்ணீர் கேட்கப் போனேன். அங்கே நின்றவர் நாகர்கோவில்காரர் என்று பேச்சிலேயே தெரிந்துவிட்டது. ஊரைச் சொன்னதும் கொஞ்சம் பேசினார்.

"அண்ணே, எனக்கு இன்னைக்கு ஸ்டாண்ட்பைதான். வர வேண்டிய பொண்ணுக்கு டூட்டி நேரம் தாண்டிப் போச்சு, அதான் என்னைக் கூப்பிட்டாங்க" என்றார். தாமதமான நேரத்துக்குச் சம்பளம் உண்டா என்று கேட்டேன். சிரித்தார். "விமானம் நகர ஆரம்பிச்சாத்தான் எங்களுக்குக் கணக்கு. நீங்க கேட்ல உக்காந்த மாதிரி நாங்களும் உக்காந்திருந்தோம், அது ஓசி."

எனக்கு இது புதுசு. மாதச் சம்பளம் என்று ஒரு அடிப்படைத் தொகை, அதற்கு மேல் பறக்கும் மணிக்குத்தான் அலவன்ஸ். ஆட்களை ஏற்றுவது, இறக்குவது, தாமதத்தில் காத்திருப்பது எல்லாம் பெரும்பாலும் அந்தக் கணக்கில் சேராது. ஆட்டோக்காரர்கூட வெயிட்டிங் சார்ஜ் வாங்குகிறார். கனடாவில் 2025 ஆகஸ்டில் ஏர் கனடாவின் பத்தாயிரம் பணிப்பெண்கள் வேலையை நிறுத்தியதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று இதே விஷயம்தான், தரையில் செய்யும் வேலைக்கும் சம்பளம் கொடு என்று.

நம் பக்கத்தில் இந்தக் கோபம் வெடித்தது 2024 மே மாதம். ஏர் இந்தியா எக்ஸ்பிரஸில் மே 7 இரவு முதல் இருநூறுக்கும் மேற்பட்ட பணியாளர்கள் ஒரே நேரத்தில் உடம்பு சரியில்லை என்று லீவ் போட்டார்கள். டாடா குழுமம் ஏர் ஏஷியா இந்தியாவை இதோடு இணைத்துக்கொண்டிருந்த நேரம் அது. இணைப்பில் எங்களைச் சமமாக நடத்தவில்லை, அலவன்ஸ்களைக் குறைத்துவிட்டார்கள் என்பது அவர்கள் சொன்ன குறை. எண்பதுக்கும் மேல் விமானங்கள் ரத்தாயின. நிர்வாகம் 25 பேரை வேலையைவிட்டு நீக்கியது. மே 9 அன்று டெல்லியில் தலைமைத் தொழிலாளர் ஆணையர் முன்னிலையில் பேசி, நீக்கியவர்களைத் திரும்ப எடுப்பதாக ஒப்புக்கொண்ட பிறகுதான் முடிவுக்கு வந்தது. அந்த நாட்களில்தான் மஸ்கட்டில் ஆஸ்பத்திரியில் கிடந்த கணவரைப் பார்க்க டிக்கெட் எடுத்து ஏர்போர்ட் வரை போன திருவனந்தபுரத்துப் பெண் ஒருவர் திரும்பி வரவேண்டியதாயிற்று. கணவர் அங்கேயே இறந்துவிட்டார். எங்கள் பக்கத்து டீக்கடைகளில் அதைப் பேசாத ஆள் இல்லை. பாதிப் பேர் லீவ் போட்டவர்களைத் திட்டினார்கள். எனக்கும் அந்தச் செய்தி படித்தபோது முதலில் அவர்கள் மேல்தான் ஆத்திரம் வந்தது. ஆனால் பேசித் தீர்க்க இரண்டு நாளில் முடிகிற விஷயத்தை, விமானம் நிற்கும் வரை பேசாமல் வைத்திருந்தது யார் என்றும் கேட்கவேண்டும் அல்லவா?

இதில் ஒரு வேடிக்கை உண்டு, பயணிகள் நிறையப் பேருக்குத் தெரியாது. முன்கூட்டிச் சொல்லாமல் விமானத்தை ரத்து செய்தால், பயண நேரத்தைப் பொறுத்து 5,000, 7,500, 10,000 ரூபாய் என்று இழப்பீடு கொடுக்கவேண்டும், அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்த்து, இரண்டில் எது குறைவோ அது. ஆனால் 'அசாதாரணச் சூழ்நிலை' என்றால் இழப்பீடு கிடையாது. வெள்ளம், கலவரம், உள்நாட்டுப் போர் என்று போகும் அந்தப் பட்டியலில் வேலைநிறுத்தமும் தொழில் தகராறும் இருக்கின்றன. ஆளைக் குறைத்து, அலவன்ஸை வெட்டி, ஊழியரை உசுப்பேற்றிவிட்டு, அவர் வேலையை நிறுத்தினால் அது வெள்ளம் வந்த மாதிரி யார் கையிலும் இல்லாத விஷயமாம். இந்த விதியை எழுதியவர் எந்தப் பக்கம் உட்கார்ந்து எழுதினார் என்று யோசிக்கவே வேண்டாம்.

2025 டிசம்பரில் இண்டிகோ நின்றது இன்னும் மோசம், ஏனென்றால் அங்கே ஸ்டிரைக்கே இல்லை. பைலட்டுகளின் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணி ஆக்கியது, இரவுப் பணியில் ஆறு தரையிறக்கங்கள் வரை என்பதை இரண்டாகக் குறைத்தது எல்லாம் 2024 ஜனவரியிலேயே அறிவித்த விதி. நவம்பர் 1 முதல் முழுசாக அமலாகும் என்பதும் தெரியும். ஆனாலும் தேவையான பைலட் கையில் இல்லை. டிசம்பர் 5 ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேல் விமானங்கள் ரத்து. நாட்டில் பறக்கிறவர்களில் பத்துக்கு ஆறு பேரைச் சுமக்கும் கம்பெனி நின்றால் மற்றவர்கள் விலையை எங்கே கொண்டுபோவார்கள்? அரசே தலையிட்டு உள்நாட்டு எகானமி டிக்கெட்டுக்கு அதிகபட்சம் 18,000 ரூபாய் என்று தற்காலிக உச்சவரம்பு போட்டது. கம்பெனிக்கு ஓய்வு விதியிலும் தற்காலிகத் தளர்வு கொடுத்தது. களைத்த பைலட்டுக்காக வந்த விதியை, பைலட் போதவில்லை என்பதற்காகத் தளர்த்தினார்கள்.

எங்கள் ஏர்போர்ட்டும் ஆண்டுக்கு இரண்டு முறை மூடும். பத்மநாபசுவாமி கோயிலில் சுவாமியைக் கடலில் நீராட்டும் ஆராட்டு ஊர்வலம் ரன்வே வழியாக சங்குமுகம் கடற்கரைக்குப் போகும். பங்குனியிலும் ஐப்பசியிலும் சில மணி நேரம் விமானங்கள் நிற்கும். முன்கூட்டியே அறிவித்து அட்டவணையை மாற்றிவிடுவதால் யாரும் சண்டை போடுவதில்லை.

சண்டை என்றதும் 2012 அக்டோபர் ஞாபகம் வருகிறது. அபுதாபியிலிருந்து கொச்சிக்கு வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தை மோசமான வானிலையால் திருவனந்தபுரத்தில் இறக்கினார்கள். பைலட்டின் டூட்டி நேரம் முடிந்துவிட்டது, கொச்சிக்குப் போக முடியாது என்றதும் பயணிகள் இறங்க மறுத்தார்கள். வாக்குவாதம் முற்றி, பைலட் விமானக் கடத்தல் எச்சரிக்கையையே தட்டிவிட்டார், பாதுகாப்புப் படை வந்தது. கடன் வாங்கி லீவில் ஊருக்கு வந்தவனுக்குக் கடத்தல்காரன் பட்டம்! பைலட்டையும் முழுசாகக் குறை சொல்லமுடியாது, டூட்டி நேரம் தாண்டி ஓட்டக்கூடாது என்பது நம் உயிருக்காகப் போட்ட விதி. மாற்று பைலட்டை அனுப்பவேண்டியவர்கள் அந்த விமானத்தில் இல்லை.

அதற்கும் முன்னால், 2008 அக்டோபரில் தீபாவளி நெருங்கும்போது ஜெட் ஏர்வேஸ் சுமார் 1,900 பேரை ஒரே வீச்சில் வெளியே அனுப்பியது. யூனிஃபார்மோடு வீதிக்கு வந்து நின்ற இளம் பெண்களை டிவியில் பார்த்திருப்பீர்கள். மறுநாளே முதலாளி மனம் மாறித் திரும்ப எடுத்துக்கொண்டார். 2019 ஏப்ரலில் கம்பெனியே நின்றபோது திரும்ப எடுக்க யாரும் இல்லை. கிங்ஃபிஷர் 2012-இல் சம்பளப் பாக்கியோடு நின்றது, கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதம். கொரோனா காலத்தில் இண்டிகோ பத்தில் ஒருவரை அனுப்பியது. ஏர் இந்தியா ஐந்து வருடம் வரை சம்பளமில்லா லீவில் அனுப்ப ஒரு திட்டமே போட்டது. இதையெல்லாம் பார்த்து வளர்ந்த பிள்ளை இந்த வேலையில் எவ்வளவு நாள் தங்கும்? பழகிய ஆள் போய், புது ஆள் வந்து, அவரும் பழகுவதற்குள் போய்விடுகிறார். கவுண்டரில் நமக்குக் கிடைக்கும் தடுமாற்றம் அங்கிருந்து வருகிறது.

சார்ஜாவில் பெட்டி சீக்கிரம் வந்துவிட்டது, அதற்கு அந்த ஏர்போர்ட்டுக்குத்தான் நன்றி. திரும்பி வரும்போது அதே கம்பெனி, நேரத்துக்குக் கிளம்பியது, சொல்ல ஒன்றுமில்லை. சீட்டில் கால் வைக்க இடமில்லை, பாத்ரூம் சுத்தம்.

சென்னைக்குப் போகிறவர்களுக்கு என் யோசனை வேறு. 2024 ஆகஸ்ட் 31 முதல் நாகர்கோவிலிலிருந்து எழும்பூருக்கு வந்தே பாரத் ஓடுகிறது. சுமார் ஒன்பது மணி நேரம் உட்காரவேண்டும், ஆனால் வீட்டிலிருந்து சாக்கை போய், சோதனைக்கு நின்று, மீனம்பாக்கத்தில் இறங்கி டாக்ஸி பிடிக்கும் நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் மிச்சமாவது அதிகமில்லை. வளைகுடாவுக்கு ரயில் இல்லையே, அதனால் இதே கம்பெனியில் மறுபடியும் போவேன். போகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். தாமதம், ரத்து என்று வரும் எல்லா மெசேஜையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ரத்தானால் பயணக் கூப்பனைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். பணமாகவே திருப்பிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. தரவில்லை என்றால் அரசின் ஏர்சேவா தளத்தில் புகார் போடுங்கள். கவுண்டரில் இருக்கும் பிள்ளையிடம் கத்தாதீர்கள், ரீஃபண்ட் பட்டன் அவளிடம் இல்லை.