ஐந்து வனம், ஒரு வேன்: கும்பகோணத்தில் கிளம்பும் பஞ்ச ஆரண்யச் சுற்று எப்படி?

கும்பகோணத்தில் கோயில் சுற்றும் வேனுக்குப் பஞ்சமே இல்லை. நவக்கிரகம் ஒரே நாளில் என்று ரயில்வே ஸ்டேஷன் வாசலிலேயே கூப்பிடுவார்கள். இது வேறு ரகம். கோயிலைக் காட்டி, தல விருட்சத்தைக் காட்டி, சுவரில் இருக்கும் கல்வெட்டையும் படித்துக் காட்டி, இதையெல்லாம் வைத்து இந்த மண்ணில் மறுபடி என்ன வளர்க்கலாம், எந்த வாய்க்காலை மீட்கலாம் என்று பேசிக்கொண்டே போகிற சுற்று. நடத்துவது இரண்டு பேர். ஒருவர் கல்வெட்டு வாசிக்கத் தெரிந்தவர், இன்னொருவர் நாட்டு மர நாற்றங்கால் வைத்திருப்பவர். ஆளுக்கு 1,600 ரூபாய், காலை டிபனும் மதியச் சாப்பாடும் சேர்த்து. கொடுத்த காசு வீண் இல்லை. வேன்தான் படுமோசம்.

பஞ்ச ஆரண்யம் தெரியாதவர்களுக்காக: திருக்கருகாவூர் முல்லை வனம், அவளிவணல்லூர் பாதிரி வனம், அரித்துவாரமங்கலம் வன்னி வனம், ஆலங்குடி பூளை வனம், திருக்கொள்ளம்புதூர் வில்வ வனம். விடியற்காலையில் முதல் கோயில், அர்த்தசாமத்தில் கடைசிக் கோயில் என்று ஐந்தையும் ஒரே நாளில் கும்பிடுவது வழக்கம். ஐந்துமே தேவாரம் பாடப்பெற்ற தலங்கள். இன்றைக்குப் போய்ப் பார்த்தால் வனமாவது ஒன்றாவது, நாலு பக்கமும் வயல், அதற்கு நடுவே கோயில், கோயிலுக்குள் சிமெண்ட் மேடை கட்டி அடைத்து வைத்த ஒற்றை மரம்.

நாற்றங்கால்காரர் ஒரு விஷயம் சொன்னார், அதற்காகவே இந்தச் சுற்றுக்குப் போகலாம். இந்த ஐந்தையும் ஒரு நடவுப் பட்டியலாகப் பாருங்கள் என்றார். முல்லை கொடி. பூளை முழங்கால் உயரத்துக்கு வந்தாலே பெரிசு என்கிற செடி. பாதிரி, வன்னி, வில்வம் மூன்றும் மரம். கொடி, செடி, மரம் எல்லாம் சேர்ந்திருந்தால்தான் அது வனம். நம் ஊரில் மரம் நடும் விழா என்றால் என்ன நடக்கிறது? 2018 நவம்பரில் கஜா புயல் அடித்துச் சாய்த்துவிட்டுப் போன பிறகு, எங்கள் பக்கம் சாலை ஓரங்களில் மறுபடியும் நட்டது பெரும்பாலும் குல்மோகரும் தூங்குமூஞ்சியும்தான். ஒன்று மடகாஸ்கர் மரம், இன்னொன்று அமெரிக்கக் கண்டத்து மரம். குழி வெட்டி, கன்று வைத்து, போட்டோ எடுத்தாகிவிட்டது. அந்தக் குழிக்குப் பக்கத்தில் தானாக முளைத்திருந்த பூளையைக் களை என்று வழித்து எறிந்திருப்பார்கள். பல ஊர்களில் பொங்கலுக்குக் காப்புக் கட்ட அந்தப் பூளையைத்தான் அப்புறம் காசு கொடுத்து வாங்குகிறோம்.

வன்னிக்கு வருகிறேன். அரித்துவாரமங்கலத்தில் உச்சிக்காலம். கருங்கல் தரை காலைச் சுட்டுப் பொசுக்குகிறது, ஒரு ஜோடி சாக்ஸ் கொண்டு போவது நல்லது. வன்னியும் சீமைக் கருவேலமும் உறவுக்கார மரங்கள், ஒன்று நம் ஊர்க்காரி, இன்னொன்று வெளியே இருந்து கொண்டுவந்து விட்டது, எது எங்கே நிற்கிறது பாருங்கள் என்றார் நாற்றங்கால்காரர். ஆற்றுப் படுகையில் சீமைக் கருவேலம் காடாக மண்டிக் கிடக்கிறது, வன்னி கோயிலுக்குள் மஞ்சள் கயிறும் தொட்டிலும் சுமந்துகொண்டு நிற்கிறது. சீமைக் கருவேலத்தை வெட்டச் சொல்லும் எல்லோரும் வெட்டிய இடத்தில் எதை வைப்பது என்று சொல்வதில்லை. இவர் சொல்கிறார், கையில் கன்றும் வைத்திருக்கிறார்.

ஒரே கோயில் மரத்தின் விதையை ஊரெல்லாம் நட்டால் எல்லாம் ஒரே தாய்ப் பிள்ளைகள்தானே, ஒரு நோய் வந்தால் மொத்தமாகப் போகாதா என்று கேட்டேன். நல்ல கேள்வி என்று சமாளிக்காமல் நேராகவே பதில் சொன்னார். பாதிரிக்கு அவளிவணல்லூரோடு கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரில் இருந்தும், வன்னிக்கு வேதாரண்யத்தில் இருந்தும் விதை வாங்கிக் கலந்துதான் நாற்று விடுகிறாராம். சரி, வேலை தெரிந்த ஆள்தான்.

மதியம் நடை சாத்தியதும் ஒரு தோப்பில் சாப்பாடு. சாம்பார் நன்றாக இருந்தது, பொரியல் ஆறிப்போயிருந்தது. அதன் பிறகு கல்வெட்டுக்காரர் முறை. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ராஜராஜன் கொடுத்த ஊர்களின் கல்வெட்டை நகல் எடுத்துக் கையில் கொடுத்தார். ஒவ்வொரு ஊரின் நில அளவிலும் வரி இல்லாமல் நீக்கிய நிலம் எது என்று அதில் பட்டியல் வருகிறது: ஊர் நத்தம், கோயில், குளம், ஊடறுத்துப் போகும் வாய்க்கால், சேரி, சுடுகாடு. குளமும் வாய்க்காலும் வரிக் கணக்கிலேயே வராத பொது நிலமாக ஆயிரம் வருஷம் முன்னால் கல்லில் இருக்கிறது. அதில் ஒரு பகுதியில் இன்றைக்கு வீட்டுமனை போட்டு விற்றிருக்கிறார்கள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இன்னொன்று, சோழர் காலத்தில் நிலம் எழுதிக் கொடுக்கும்போது இன்ன வதிக்கு (வதி என்றால் வழி) கிழக்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, இத்தனையாம் கண்ணாறு (சின்னப் பாசன வாய்க்கால்) என்றுதான் எல்லை சொல்வார்கள். அந்த வாய்க்கால்களுக்குப் பெயர் உண்டு. ஒரு கோயிலின் கல்வெட்டுகளை முழுக்கப் படித்து வரிசையாக வைத்தால், அந்த ஊரின் பழைய நீர்ப்பாதை ஓரளவுக்குக் கிடைத்துவிடும். ஜூன் 12 மேட்டூர் திறப்புக்கு முன்னால் அவசர அவசரமாகத் தூர்வாரும் சமயத்தில், கணக்கில் இருக்கும் வாய்க்காலை மட்டுமே வாருகிறார்கள். கணக்கில் இருந்து விழுந்துபோன வாய்க்காலைத் தேட இந்தக் கல்லை விட்டால் வேறு என்ன இருக்கிறது? திருப்பணி என்று மணலை வீசியடித்துச் சுவரைச் சுத்தம் செய்ததில் எத்தனையோ கோயில்களில் எழுத்து மழுங்கிவிட்டது. எழுத்தோடு வாய்க்கால் பெயரும் போயிற்று.

கல்வெட்டுக்காரர் கொஞ்சம் அதிகமாகப் பேசிய இடமும் உண்டு. ஐந்து வனம் என்று புராணம் சொல்வதால் ஐந்தும் அப்படியே காடாக இருந்தன என்று அடித்துச் சொன்னார். எனக்கு ஒப்பவில்லை. ஆலங்குடிக்குத் தேவாரத்தில் பெயரே இரும்பூளை, ஆக அந்தச் செடிக்கும் ஊருக்கும் பழைய உறவு இருக்கிறது என்பது வரைக்கும் சரி. எத்தனை ஏக்கர் காடு, எப்போது வயலாயிற்று என்பதைக் குளத்து வண்டலில் படிந்திருக்கும் பழைய மகரந்தத்தைத் தோண்டிப் பார்த்தால்தான் சொல்ல முடியும். அதற்கும்கூடத் தொல்லியல்தான் வேண்டும், தல புராணம் போதாது. ஆனால் சிதம்பரம் பற்றி அவர் சொன்னது கச்சிதம். கோயிலின் தல விருட்சம் தில்லை, அதை நேரில் பார்க்க வேண்டுமென்றால் பிச்சாவரம் சதுப்புக் காட்டுக்குப் போக வேண்டும். கோடிக்கரைக் கோயில் சிவனான குழகரைச் சுந்தரர் பாடியபோது மரப்பொந்தில் ஆந்தையும் கூகையும் குழறுவதைப் பாடியிருக்கிறார் என்பதும் அவர் சொன்னதுதான்.

கூகை என்றதும் இன்னொன்று. வழியில் ஒரு கோயிலில், பெயர் வேண்டாம், கும்பாபிஷேகத்துக்காகக் கோபுர நிலைகளில் கம்பி வலை அடித்திருந்தார்கள். புறா எச்சத்துக்காக. கூகையும் அந்தப் பொந்தில்தான் குடியிருக்கும். அது வயலில் எலி பிடிக்கும், எலி நெல்லைத் தின்னும். எலி மருந்துக்குச் செலவு செய்யும் விவசாயியும் வலைக்கு நன்கொடை கொடுத்தவரும் அநேகமாக ஒரே ஆளாக இருப்பார். கோபுரத்தில் அரசும் ஆலும் முளைத்தால் பிடுங்கத்தான் வேண்டும், வேர் கல்லைப் பிளந்துவிடும், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. மேல் நிலையில் ஒரு பொந்தைத் திறந்து விடுவதில் யாருக்கு என்ன நஷ்டம்?

குறைகளைச் சொல்லிவிடுகிறேன். வேனில் ஏசி இல்லை, கால் நீட்ட இடம் இல்லை. திருக்கருகாவூரில் லிங்கம் புற்று மண் என்பதால் அபிஷேகம் கிடையாது, புனுகுதான் சாத்துவார்கள். புனுகுப்பூனை 1972 வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட பிராணி ஆயிற்றே, இப்போது புனுகு எங்கிருந்து வருகிறது என்று கேட்டதற்கு இரண்டு பேருமே காதில் விழாத மாதிரி அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். இயற்கை பற்றிப் பேசுகிறோம் என்று கூட்டி வந்தவர்கள் தவிர்க்கக் கூடாத கேள்வி அது. ஆலங்குடியில் குரு தரிசனக் கூட்டத்தில் அரை மணி நேரம் வரிசையிலேயே போயிற்று, பூளையைப் பார்த்தது இரண்டு நிமிஷம். ஐந்து மணிக்குக் கிளம்பி ராத்திரி ஒன்பது தாண்டித் திரும்புவது வயதானவர்களுக்கு முடியாது.

கொள்ளம்புதூரில் எல்லோரும் களைத்து உட்கார்ந்துவிட்டோம். நாற்றங்கால்காரர் மட்டும் டார்ச் அடித்து வில்வ இலையில் பறவை எச்சம் மாதிரி ஒட்டியிருந்த ஒன்றைக் காட்டினார். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு. கூட வந்த குழந்தைகளுக்கு அன்றைக்கு முழுக்கப் பிடித்தது அது ஒன்றுதான்.

இவர்கள் இன்னொரு நாள் சேர்த்து வடுவூர் ஏரிக்கும் கூட்டிப் போகலாம். பாசனத்துக்கு இருக்கும் ஏரி, பறவை சரணாலயம், 2022ல் ராம்சார் பட்டியலிலும், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலிலும், ஏறிவிட்டது. அவர்கள் பேசுவதற்கு அதைவிடப் பொருத்தமான இடம் பக்கத்தில் கிடையாது. சொல்லியிருக்கிறேன், யோசிக்கிறோம் என்றார்கள்.

போகிறவர்களுக்கு: வியாழக்கிழமை வேண்டவே வேண்டாம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த தை, மாசி சரியான நேரம். முன் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். கன்று வாங்கினால் எந்த ஊர் விதை என்று கேட்டுப் பையிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், கேட்டால்தான் எழுதுகிறார்கள். ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன், வேனை மாற்றினால் நாலரை.