மருந்துக்கடைக்கு எத்தனை நிமிடம்? ‘ஓஆர்எஸ் டூல்ஸ்’ மதிப்புரை

ஓர் ஊருக்கு மருந்துக்கடை எட்டும் தொலைவில் இருக்கிறதா என்று பார்க்க, கடையைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் வட்டம் போடுவது பலருடைய வழக்கம். சமவெளியில் அது ஓரளவு ஒப்பேறும், கொல்லிமலையில் எடுபடாது. ஆகாய கங்கைப் பக்கத்துக் குடியிருப்புகளுக்கு நேர்கோட்டில் அடிவாரத்துப் புளியஞ்சோலை அருகில்தான். ஆனால் அந்தச் சரிவில் இருப்பது காட்டு நடைபாதை. காரவள்ளிச் சாலையில் வண்டியில் இறங்கினால் 70 கொண்டை ஊசி வளைவுகள்.

வட்டத்தை விட்டுவிட்டுச் சாலை வழியே அளக்க, கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளுக்குள் இலவசமாகச் சேர்த்துக்கொள்ளும் செருகுநிரல்தான் ‘ஓஆர்எஸ் டூல்ஸ்’. பின்னால் கணக்குப் போடுவது ஜெர்மனியின் ஹைடல்பர்க்கிலிருந்து இயங்கும் ஓப்பன்ரூட்சர்வீஸ் என்ற வழி காட்டும் இணையச் சேவை. சாலைகள் தன்னார்வலர்கள் வரையும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்திலிருந்து வருகின்றன. அந்தச் சேவையில் பதிவு செய்து, அது தரும் சாவியை (ஏபிஐ கீ) வாங்கிச் செருகுநிரலில் ஒட்டினால் வேலை தொடங்கிவிடும். நகரத்துக்கும் சமவெளிக்கும் தாராளமாகப் பரிந்துரைக்கலாம். மலைக்கும் பேருந்தை நம்பியிருக்கும் ஊர்களுக்கும் அது தரும் எண்ணை அப்படியே அறிக்கையில் ஏற்றக்கூடாது.

முதலில் கடைகளின் பட்டியல். ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவை இறக்கித் தரும் குவிக்ஓஎஸ்எம் செருகுநிரலில் ‘அமெனிட்டி=ஃபார்மசி’ என்று மட்டும் கேட்டால் நம் ஊர் ‘மெடிக்கல்’கள் சில விடுபடும்; ‘ஷாப்=கெமிஸ்ட்’ என்று குறித்தவர்களும் உண்டு. இரண்டையும் இறக்கி, ஒரே கடை புள்ளியாகவும் கட்டடமாகவும் இருமுறை வந்திருந்தால் நீக்குங்கள். சிற்றூர்களில் வரைபடமே காலியாகக் கிடக்கும். அங்கே மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 20, 21 படிவங்களில் வழங்கும் சில்லறை உரிமப் பட்டியலோடு ஒப்பிடாமல் ‘கடை இல்லை’ என்று எழுதினால், கடை இல்லையா, வரைந்தவர் இல்லையா என்பது தெரியாது. மாவட்ட எல்லையோடு தரவை வெட்டுவதும் தவறு. எல்லை ஊர்க்காரர் பக்கத்து மாவட்டத்துக் கடைக்குத்தான் போவார், ஆகவே வெளியே 20 கிலோமீட்டர் வரை கடைகளை எடுங்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருந்தகம் வரைபடத்தில் பெரும்பாலும் மருத்துவமனை என்றே இருக்கும். இலவச மருந்து அங்கேதான் கிடைக்கிறது என்பதால் அதைத் தனி அடுக்காக வைத்து, சேர்த்து ஒரு கணக்கும் சேர்க்காமல் ஒரு கணக்கும் போடுவது நல்லது.

அடுத்தது ஐசோக்ரோன், அதாவது குறித்த நிமிடத்துக்குள் எட்டும் பரப்பு. ‘10,20,30’ என்று காற்புள்ளியிட்டுக் கொடுத்தால் மூன்று பரப்புகள் வரும். இங்கேதான் பலர் சறுக்குவது. அவை வளையங்கள் அல்ல; 30 நிமிடப் பரப்புக்குள் 20-ம் 10-ம் அடக்கம். பக்கத்துப் பக்கத்துக் கடைகளின் பரப்புகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். நிமிடவாரியாக ‘டிஸ்ஸால்வ்’ செய்து ஒன்றாக்கி, பெரியதிலிருந்து சிறியதை ‘டிஃபரன்ஸ்’ கொண்டு கழித்த பிறகே வேர்ல்ட்பாப் என்ற ஆய்வுத் திட்டம் தரும் 100 மீட்டர் மக்கள்தொகைக் கட்டங்களைக் கூட்டுங்கள். இல்லாவிட்டால் கடைத்தெருவில் குடியிருப்பவர் பலமுறை எண்ணப்பட்டு, மாவட்டமே செழிப்பாகத் தெரியும்.

பரப்பளவைச் சதுர கிலோமீட்டரில் எடுக்கும்போது இன்னொரு சிக்கல். 78 பாகை தீர்க்கரேகை தமிழ்நாட்டை இரண்டு யூடிஎம் (மீட்டரில் அளக்கும் ஆயமுறை) மண்டலங்களாகப் பிரிக்கிறது. கியூஜிஐஎஸ்ஸில் தேர்ந்தெடுக்க வேண்டிய ஈபிஎஸ்ஜி குறியீட்டு எண் மதுரை, சேலம், சென்னைக்கு 32644; கோவை, நீலகிரி, கன்னியாகுமரிக்கு 32643. திண்டுக்கல் நகரம் அந்தத் தீர்க்கரேகையை ஒட்டியே இருக்கிறது, மாவட்டம் முழுவதற்கும் ஒன்றையே வைத்துக்கொள்ளுங்கள்.

ஊர்வாரியான பதில் வேண்டுமென்றால் ஐசோக்ரோனை விட ‘மேட்ரிக்ஸ்’ மேல். ஊர்ப்புள்ளிகளிலிருந்து கடைகளுக்கு நேரமும் தொலைவும் அட்டவணையாக வரும். ஒவ்வோர் ஊருக்கும் குறைந்ததை எடுங்கள். இரண்டாவது குறைந்ததையும் எடுத்து வைப்பது நல்லது. முதல் கடை பூட்டியிருந்தால் என்ன கதி என்பதை அந்த எண்தான் சொல்லும். வருவாய்க் கிராம எல்லையின் நடுப்புள்ளியை மட்டும் ஊர்ப்புள்ளியாக வைக்காதீர்கள். மலைக் கிராமத்தின் எல்லைக்குள் காப்புக்காடும் இருந்தால் நடுப்புள்ளி மரங்களுக்கு நடுவே விழும். வீடுகள் இருக்கும் இடத்தில் புள்ளி வையுங்கள்.

இந்தக் கருவியின் பெரிய குறை இதிலிருந்தே வருகிறது. புள்ளிக்கு அருகே வரையப்பட்ட சாலை இல்லையென்றால், வழி கேட்கும்போது ‘350 மீட்டருக்குள் சாலை கிடைக்கவில்லை’ என்ற பிழை வரும். மேட்ரிக்ஸில் வெற்றுக் கட்டமாக நிற்கும். வெற்று வரிசைகளை நீக்கிவிட்டுச் சராசரி போட்டால், மிகவும் ஒதுங்கியிருக்கும் குடியிருப்புகள்தான் கணக்கிலிருந்து காணாமல் போகின்றன. யாருக்காக அளக்கத் தொடங்கினோமோ அவர்களே விடுபட்டபின் சராசரி அழகாகத்தான் வரும். வெற்றுகளைத் தனியே எண்ணி, ஊர்ப் பெயரோடு அறிக்கையின் முதல் பக்கத்திலேயே போடுங்கள். பாதை உண்மையில் இருந்தால் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் வரைந்துவிட்டு, சேவை புதுப்பிக்கப்பட்டதும் மறுபடி ஓட்டுங்கள்.

கார் கணக்கில் நெரிசல் கிடையாது, வேகம் பெரும்பாலும் சாலை வகையைப் பொறுத்தே எடுக்கப்படுகிறது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 வளைவுகளில் அந்த நிமிடங்களை யாரும் நம்ப வேண்டாம். நடைக்கு மணிக்கு ஏறத்தாழ 5 கிலோமீட்டர் வைக்கிறார்கள்; மூட்டுவலிக்கு மாத்திரை வாங்கப் போகும் பாட்டி அந்த வேகத்தில் நடக்கமாட்டார். அதனால் முதியோருக்குத் தனிக் கணக்கு போடுங்கள்: மேட்ரிக்ஸின் தொலைவை மணிக்கு 3 கிலோமீட்டரால் வகுத்தாலே போதும். ஒரு நாளைக்கு இரண்டே முறை பேருந்து வரும் ஊர் என்பது இதற்குப் புரியாது. கடை இரவு ஒன்பதுக்குப் பூட்டுகிறதா என்பதும் தெரியாது. இரவு அணுகலுக்கு 24 மணி நேரக் கடைகளை மட்டும் வடிகட்டி மறுபடி ஓட்ட வேண்டும்.

எத்தனை கிலோமீட்டர் வரை ‘எட்டும் தொலைவு’ என்பதை வெளியிலிருந்து இரவல் வாங்காதீர்கள். அமெரிக்க அரசின் மெடிகேர் மருந்துக் காப்பீட்டுத் திட்டம் நகரத்தில் 90 விழுக்காட்டினருக்கு 2 மைல், புறநகரில் 90 விழுக்காட்டினருக்கு 5 மைல், கிராமத்தில் 70 விழுக்காட்டினருக்கு 15 மைல் தொலைவுக்குள் கடை என்று வைத்திருக்கிறது. 15 மைல் என்றால் 24 கிலோமீட்டர், அது கார் வைத்திருப்பவர்களின் ஊருக்குச் சரி.

இலவசக் கணக்கில் ஒருநாள் கோரிக்கைகளுக்கு வரம்பு உண்டு, ஒரு வட்டாரத்துக்குப் போதும். மாநில அளவில் போவதென்றால் ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவைப் பகுதிவாரியாகத் தரும் ஜியோஃபாப்ரிக் தளத்திலிருந்து இந்தியாவின் தெற்கு மண்டலக் கோப்பை இறக்கி, டாக்கர் என்ற நிறுவல் மென்பொருள் மூலம் சொந்தக் கணினியிலேயே சேவையை நிறுவிக்கொள்ளலாம். நினைவகம் தாராளமாக இருக்கட்டும். கார், நடை இரண்டும் வேண்டுமென்றால் இரண்டுக்கும் தனித்தனி சாலை வலைத் தரவு (கிராஃப்) உருவாகும்.