மொரிஸ் மைனர் ஷொக்குக்கு என்ன ஒயில்? காத்தான்குடியில் வாங்கிய இரண்டு போத்தல்கள்

பைக்கின் முன் ஃபோர்க்குக்கு விடுகிற ஃபோர்க் ஒயில், மெசின்களுக்கு விடுகிற ஹைட்ரோலிக் ஒயில் இரண்டையும் காரின் ஷொக்கில் (குலுக்கலை அடக்கும் பாகம்) விட்டு ஆறு மாதம் ஓட்டிப் பார்த்த பிறகுதான் இதை எழுதுகிறேன். முதல் கிழமையே எழுதியிருந்தால் இரண்டுக்கும் முழு மார்க்ஸ் போட்டிருப்பேன்.

கார் அப்பாவுடையது, மொரிஸ் மைனர் ஆயிரம், 1098 சிசி எஞ்சின். இப்போதைய கார்களில் இருக்கிற குழாய் மாதிரி ஷொக் இதில் கிடையாது. நாலு சில்லுக்கும் ஆம்ஸ்ட்ரோங் கம்பனியின் கை வைத்த ஷொக்: ஒரு உலோகப் பெட்டி, உள்ளே பிஸ்டனும் வால்வும், பக்கத்தில் ஒரு கை. சில்லு ஏறி இறங்க அந்தக் கை அசைந்து ஒயிலைச் சின்ன வால்வு வழியாகத் தள்ளும், அந்தத் தள்ளலில்தான் ஆட்டம் அடங்கும். குழாய் ஷொக் போனால் கழற்றி எறிந்துவிட்டுப் புதிசு பூட்ட வேண்டும், இதில் மூடியைத் திறந்து ஒயில் விடலாம். வசதிதான். ஆனால் மூடி என்று ஒன்று இருந்தால் கையில் கிடைத்ததை ஊற்றவும் ஆள் இருக்கும்.

எனக்கு அப்படித்தான் நடந்தது. ஒரு கராஜில், பெயர் வேண்டாம், பின் ஷொக் இரண்டிலும் 90 கியர் ஒயிலை விட்டுவிட்டார்கள். "தடிப்பா இருந்தா லீக் ஆகாது சேர்" என்றார் பாஸ். லீக் குறைந்தது உண்மை. ஆனால் மண்முனைப் பாலம் தாண்டிக் கொக்கட்டிச்சோலைப் பக்கம் போனபோது குழி ஒவ்வொன்றும் நேரே முதுகில் இறங்கியது, வில்லு அசைய விடாமல் ஷொக் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது, பின் சீற்றில் இருந்த அம்மா "இதை விட மாட்டு வண்டில் நல்லம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பும்போது பஸ்ஸில் வந்தார்.

அப்புறம்தான் பழைய மெனுவலை எடுத்துப் பார்த்தேன். ஆம்ஸ்ட்ரோங் சூப்பர் தின், இலக்கம் 624 என்று இருக்கிறது. பெயரிலேயே 'தின்', மெல்லிசு. அது கிடைக்காவிட்டால் எஸ்.ஏ.ஈ. 20/20 டபிள்யூ என்ற தடிப்புத் தரத்தில் நல்ல மினரல் ஒயில் விடலாம், ஆனால் கடும் குளிருக்கு அது சரிவராது என்றும் போட்டிருக்கிறது. மட்டக்களப்பில் இருந்துகொண்டு குளிரைப் பற்றி நான் ஏன் யோசிக்கப் போகிறேன்?

சரி, கடைக்கு வருகிறேன். காத்தான்குடி மெயின் வீதியில் உள்ள ஒரு சின்ன மோட்டார் சைக்கிள் பார்ட்ஸ் கடை. அந்தத் தடிப்புக்குப் பார்க்கலாம் என்று ஃபோர்க் ஒயில் கேட்டதும் கடைக்காரக் காக்கா "என்ன பைக் தம்பி?" என்றார். மொரிஸ் மைனர் என்றதும் சிரித்தார், ஆனால் விரட்டவில்லை. முதலில் எடுத்துத் தந்தது 10 டபிள்யூ, பைக்குக்கு அதைத்தான் நிறையப் பேர் கேட்பார்களாம். 20 டபிள்யூ வேண்டும் என்றதும் உள்ளே போய்க் கீழ்த்தட்டில் தூசியோடு கிடந்த ஒரு போத்தலைத் துடைத்துக்கொண்டு வந்தார். "இது ரொம்பத் தடிப்பு, முன்னுக்கு மட்டும் விட்டுப் பாருங்க, இறுக்கமா இருந்தா பத்தைக் கலக்கலாம்" என்று அவராகவே சொன்னார். ஒன்றை விற்க வந்தவர் பேசுகிற பேச்சா இது?

அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. ஃபோர்க் ஒயிலில் போடுகிற 5, 10, 20 எல்லாக் கம்பனிக்கும் ஒன்றல்ல. ஒருவரின் 15 இன்னொருவரின் 20 ஆக இருக்கும். ஆகவே அந்த இலக்கத்தை நம்பாமல் 40 பாகை செல்சியஸில் எத்தனை சென்டிஸ்டோக்ஸ் (ஒயிலின் தடிப்பை அளக்கும் அலகு) என்று கம்பனியின் தரவுத் தாளில் பாருங்கள், போனில் தேடினால் வரும். ஹைட்ரோலிக் ஒயிலில் இந்தத் தலையிடி இல்லை. ஐ.எஸ்.ஓ. 46, 68 என்று போட்டிருப்பதே அந்த 40 பாகைத் தடிப்புத்தான். எஸ்.ஏ.ஈ. 20 ஏறத்தாழ இந்த இரண்டுக்கும் இடையில் வரும். நெல் வெட்டும் மெசின் ஓடுகிற ஊரில் 68 கிடைக்காத இடமே இல்லை, அதே வீதியில் உழவு மெசின் சாமான் விற்கிற கடையில் ஒரு லீற்றர் வாங்கினேன். ஃபோர்க் ஒயிலின் மூன்றில் ஒரு பங்கு விலைதான்.

முன் ஷொக்குக்கு ஃபோர்க் ஒயில், பின்னுக்கு 68 என்று பிரித்தேன். காரணம் கஞ்சத்தனம்: பின் ஷொக்கில் கை போகிற சீல் கசிகிறது, ஒழுகப்போகிற இடத்தில் விலை கூடியதை ஊற்ற மனம் வரவில்லை. பின்னிரண்டையும் கழற்றி, கியர் ஒயிலைக் கவிழ்த்து, மெல்லிய ஒயிலால் இரண்டு தரம் அலசி, வைஸில் பிடித்துக் கையை மேலும் கீழும் முழு வீச்சுக்கு அசைத்து அசைத்துக் காற்றை எடுத்தேன், முக்கால் மணித்தியாலம் போனது. முன்னதைக் கழற்றவில்லை. மைனரில் முன் ஷொக்கின் கைதான் சில்லின் மேல் கையும், கீழ்க் கைக்கு ஜாக் கொடுக்காமல் அதில் தொட்டால் டோர்ஷன் பாரின் (வில்லுக்குப் பதிலாக முறுக்கி வைத்திருக்கும் இரும்புக் கம்பி) இழுப்பில் எல்லாம் கீழே இறங்கிவிடும். சில்லைக் கழற்றி, மூடியைச் சுற்றி மண்ணைத் துடைத்துவிட்டு (மூடியைத் திறந்த பிறகு துடைத்தால் மண் உள்ளேதான் போகும்) சிரிஞ்சால் மூடியின் அடிமட்டத்துக்கு வரும்வரை விட்டேன்.

முன்பக்கம் இப்போது அருமை. காரின் முன் மூலையை அமத்தி விட்டால் ஒரு தரம் எழும்பி நிற்கிறது, பத்தைக் கலக்க வேண்டி வரவில்லை. பின்பக்கம் 68 முதல் மாதம் அதே அளவு நன்றாக இருந்தது, வித்தியாசமே தெரியவில்லை. இப்போது மட்டம் இறங்கிவிட்டது, அதில் ஒயிலின் பிழை ஒன்றும் இல்லை, சீல்தான். கொக்கட்டிச்சோலை இருக்கிற படுவான்கரைப் பக்கம் போய் வந்தால் ஒரு தரம் நிரப்புகிறேன். சீல் மாற்றிய பிறகும் 68 தான் விடுவேன்.

எஞ்சின் ஒயில் விடலாமா என்று கேட்கிறவர்களுக்கு: அதில் அழுக்குக் கரைக்கிற மருந்து கலந்திருக்கும், நுரை கட்டினால் ஆட்டம் அடங்காது. பிரேக் ஒயில் வேண்டவே வேண்டாம், ரப்பர் சீல் ஊதிப்போகும், பெயின்ரும் போகும்.

கடை வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம் பூட்டு. 20 டபிள்யூ கடைசிப் போத்தலை நான் எடுத்துவிட்டேன், சொல்லி வைத்தால் கொழும்பிலிருந்து எடுத்துத் தருவாராம்.